கரையான் மட்டுமா தின்றது?

ஓலைச்சுவடி, பழைய அச்சுப்புத்தகம், பத்திரிகை, நாட்டுப்புறப் பாட்டு என எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, பண்பாட்டை அழியாமல் காப்பாற்றுகிறோம் என்கிற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. நல்ல காரியந்தான், மறுப்பதற்கில்லை. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்தைக் காசு வாங்காமல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி செய்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் கிடைக்கின்றன. 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று ஏற இறங்கப் பார்த்துக் கேட்கிறவரைத் தாண்டிப் போகாமலே ஒரு புத்தகத்தைப் படிக்க முடிகிறது என்பது சேரிப் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்தப் பேச்சுக்குள்ளே ஒரு கதை ஒளிந்திருக்கிறது. கரையான் தின்றது, ஈரம் பாய்ந்தது, ஏடு பொடிந்தது, மிச்சத்தை நாங்கள் மீட்டோம் என்பதுதான் கதை. இதில் எதிரி பூச்சியும் காலமும். மனிதர் யாரும் இல்லை. சாதி இல்லவே இல்லை. அதனால்தான் பாதுகாப்பது என்றாலே அறம் என்று எல்லாரும் சுலபமாகத் தலையாட்டிவிடுகிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று முன்னமே யாரோ முடிவு செய்துவிட்ட பிறகுதான் ஸ்கேனர் உள்ளே வருகிறது. அந்த முடிவைக் கேள்வி கேட்காமல் அதற்குச் சாகாவரம் கொடுப்பது அறமாகுமா? நம் கேள்வி இதுதான்.

எழும்பூருக்குப் போய்ப் பாருங்கள். 1851ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகமும் 1896ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1885 முதல் 1908 வரை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மண்டைக்கு ஒரு கணக்கு, மூக்குக்கு ஒரு கணக்கு என்று கருவியை வைத்து மனிதர்களை அளந்தவர். சாதிக்குச் சாதி மூக்கின் நீள அகலத்தைப் பட்டியல் போட்டார். அவருடைய 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' 1909ல் 7 தொகுதிகளாக வந்தது. இன்று அந்த 7 தொகுதிகளையும் செல்போனில் நிமிஷத்தில் எடுத்துவிடலாம். நம் மூதாதைகளைப் பற்றி ஊராரும் துரைமாரும் சொன்னது ஒரு பக்கம் விடாமல் பத்திரமாக இருக்கிறது.

அதே சென்னையில், தர்ஸ்டன் அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், அளக்கப்பட்டவர்கள் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' என்றே பெயர் வைத்து ஒரு பத்திரிகையைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். அதன் முழுத் தொகுதி நம் கையில் இல்லை. அதில் என்ன எழுதினார்கள் என்பதைப் பெருமளவுக்குக் காலனி அரசின் சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளிலிருந்து பொறுக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் கண்காணிப்புக்காக இங்கிலீஷில் எடுத்தெழுதியது தப்பித்துவிட்டது. எழுதியவன் தமிழ் போய்விட்டது. அதற்கும் முன்னே 1869ல் 'சூரியோதயம்', 1871ல் 'பஞ்சமன்' என்று இதழ்கள் வந்திருக்கின்றன. பெயரும் வருஷமும் தவிர அநேகமாக ஒன்றும் கைக்கு வரவில்லை. தலித் இதழ்களின் வரலாற்றைத் தேடி எழுதிய ஜெ. பாலசுப்பிரமணியத்தின் நூல் 2017ல் வெளிவந்த பிறகுதான், இத்தனை பேர் இத்தனை பத்திரிகை நடத்தினார்களா என்று தமிழ் படித்தவர்களே திகைத்தார்கள். எம்.ஏ. தமிழில் இதழியல் வரலாறு எழுதிப் பாஸான என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு பெயரைக்கூட யாரும் சொல்லித் தரவில்லை.

பூச்சி சாதி பார்க்காது. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களுக்கும் பூச்சி வரத்தான் செய்யும். ஆனால் அவருக்கு வைக்க வீடு இருந்தது. 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994ல் சென்னையில் நூலகமாக்கியது. அதை நாம் குறை சொல்லவில்லை, நமக்கும் அங்கே வேலை இருக்கிறது. சேரியில் கதை வேறு. கலவரம் என்றால் முதலில் கூரை எரிகிறது. கூரையோடு காகிதம் எரிகிறது. 1995 ஆகஸ்ட் 31ல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது டி.வி.யையும் பாத்திரத்தையும் மட்டுமா உடைத்தார்கள்? பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் தேடிப்பிடித்து நாசமாக்கினார்கள். ஒருவன் படித்தான் என்பதற்கும் வெளிநாடு போனான் என்பதற்கும் சாட்சி இருக்கக் கூடாது என்கிற புத்தி அது. இதைக் கரையான் கணக்கில் எழுத முடியுமா?

இதையெல்லாம் மீறித் தப்பியவை எப்படித் தப்பின? அயோத்திதாசர் 1907 ஜூன் 19ல் இராயப்பேட்டையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', மறு வருஷம் 'தமிழன்' ஆகி, 1914ல் அவர் சாகும்வரை வாராவாரம் வந்தது. அதைக் கட்டிக் காத்தது சர்க்கார் அலமாரி இல்லை. தென்னிந்திய பௌத்தர்களின் வீடுகள் காத்தன. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்த ஜனங்கள் அவர் எழுத்துகளைச் சிறு நூல்களாக மறுபடி அச்சிட்டார்கள். 1926ல் 'தமிழ'னை அங்கே மறுபடியும் நடத்தினார் ஜி. அப்பாதுரையார். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999ல் ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட முடிந்தது. ஆள் இறந்து 85 வருஷம் கழித்து! துரை ஒருவரிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். ஏடு காத்தவர் பட்டியலில் அந்தப் பட்லர் பெயரை எத்தனை பேர் சேர்க்கிறார்கள்?

இனி இன்னொரு பக்கம். நம்முடையது என்று சொல்லி அவர்கள் காக்க வருவதை நாம் வேண்டாம் என்று சொன்னால்?

எங்கள் பக்கத்து ஊருக்கு ஒரு கல்லூரியிலிருந்து பறையாட்டத்தைப் பதிவு செய்ய வந்தார்கள். காமிரா, மைக் எல்லாம் தயார். அடிகளின் பெயர் தெரிந்த ஒரே பெரியவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "இதக் கீழ போடத்தான் சார் எங்கப்பன் ஊரோட சண்ட போட்டு ஒரு வருஷம் வேல வெட்டி இல்லாமக் கெடந்தாரு. நீங்க வந்து அடிச்சுக் காட்டுங்கிறீங்க" என்றார். வந்தவர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார், "கலை அழிஞ்சு போயிடுமே பெரியவரே". பெரியவர் சிரித்தார். "அழியட்டும்னுதான சார் சண்டையே போட்டோம்."

சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையை இறக்கிவைத்தது ஒரு விடுதலை. அதையே தோளில் மாட்டி மேடையில், ஊர்வலத்தில், நம் சேதி சொல்ல அடிப்பது இன்னொரு விடுதலை. இந்த இரண்டுக்கும் நமக்குள்ளே வாதம் உண்டு, இன்னும் முடியவில்லை. முடியாமல் இருப்பதும் நல்லதுதான். ஆனால் அது நம் வாதம். 'அருகிவரும் தோற்கருவி' என்று சீட்டு ஒட்டிக் கண்ணாடிக்குள் வைக்கிறவர் அந்த வாதத்தை நம் சார்பில் தீர்த்துவைத்துவிடுகிறார். கருவி மிஞ்சுகிறது. அதை ஏன் இறக்கினான், இறக்கியதற்கு என்ன வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பது எந்தச் சீட்டிலும் இல்லை. என்னைக் கேட்டால், அன்றைக்கு அந்தக் காமிரா அணையாமல் இருந்திருக்க வேண்டும். பெரியவர் சம்மதித்திருந்தால் அவர் மறுத்துப் பேசியதைத்தான் பதிந்திருக்க வேண்டும். பறையடி போலவே அந்த மறுப்பும் நம் பண்பாடு.

அப்படியானால் இதெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிடலாமா? முடியாது. அவமானப்பட்ட சொற்களை எல்லாம் அடித்துவிட்டுச் சுத்தமான பட்டியல் போடலாம் என்று நம்மில் சிலர் சொல்வதையும் ஏற்க முடியாது. ஏனென்றால் நமக்குக் காகிதம் என்பது பழம்பெருமை பேச வைத்திருக்கிற பொருள் இல்லை. காகிதம் என்றால் நிலம். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891ல் எழுதிய அறிக்கையையொட்டி 1892ல் போட்ட உத்தரவால்தான் பஞ்சமி நிலம் வந்தது. மற்றச் சாதிக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தந்த நிலம். அந்த நிலம் கேட்டு எழுந்த கரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். இன்றைக்கும் பஞ்சமி நிலம் கேட்டு நிற்கிறவனிடம் 'ஆதாரம் காட்டு' என்கிறார்கள். ஆதாரம் ஏதோ ஒரு தாலுகா ஆபீஸ் கட்டுக்குள் இருக்கிறது. பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்கு எழுதும்போது அந்த நிபந்தனை வரி 'விட்டுப்போச்சு' என்றால், அதன்பின் கம்ப்யூட்டர் அந்தத் திருட்டை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும். பட்டனைத் தட்டினால் ஆயிரம் பிரதி தரும். அதனால் கணினியில் ஏற்றிவிட்டோம் என்று மூலக் கட்டைத் தூக்கிப் போட விடக்கூடாது. பழைய அடங்கல்தான் நம் சாட்சி.

ஆகவே பாதுகாப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. யாருடைய பொருளோ அவர்களைக் கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் அந்த வார்த்தைக்கு மதிப்புக் கொடுங்கள். சேகரித்தவர் பெயரோடு காத்து வைத்திருந்தவர் பெயரையும் போடுங்கள். தர்ஸ்டனை வைக்கிற அலமாரியில், எங்களை அளந்தவர் என்று சொல்லி வையுங்கள். முக்கியமாக, கிடைக்காதவற்றுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். 'சூரியோதயம், 1869' என்று எழுதி எதிரே காலியாக விடுங்கள். படிக்க வரும் பிள்ளை அந்தக் காலி இடத்தைப் பார்த்து, ஏன் இல்லை என்று கேட்கட்டும்.

நம்மிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் சங்கம் நடத்தியவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? துண்டறிக்கை, மாநாட்டு போட்டோ, வழக்குக் கட்டு, நன்கொடை ரசீது, நின்றுபோன நம் சிறுபத்திரிகைகள். இவற்றைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போடுவதற்குள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பெட்டியைத் திறக்கும் முன், அதை இத்தனை காலம் வைத்திருந்த அம்மாவின் பெயரை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.