அந்நியப் பொருளும் இரண்டு அளவையும்

 



கொடிகாத்த குமரன் 1904-ல் நம் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. அந்நியத் துணியை வாங்காதே என்று அன்று சொன்னவர்கள் தாங்களும் கதர் உடுத்தினார்கள், அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள்.

இன்றும் சுதேசி பேசுகிறார்கள். 1905-ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய ஆகஸ்ட் 7-ஆம் தேதியை, 2015 முதல் தேசிய கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் 2021 டிசம்பர் 30 அன்று கொடி விதி திருத்தப்பட்டது. கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் தேசியக் கொடி என்றிருந்தது போய், எந்திரத் துணியும் பாலியஸ்டரும் அனுமதிக்கப்பட்டன. அடுத்த ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்னார்கள். இத்தனை வீட்டுக்கும் கைத்தறியில் நெய்து முடியுமா, விலை கட்டுமா என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். நான் அதை மறுக்கவில்லை. விலை கட்டவில்லை என்பது அரசுக்கு நியாயம் என்றால், விலை குறைவு என்று சீனப் பொருளை வாங்கும் கூலித் தொழிலாளிக்கும் அது நியாயம்தானே? அவனுக்கு மட்டும் ஏன் தேசப்பற்றில் மதிப்பெண் குறைக்கிறோம்?

2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தபோது, சீனப் பொருளை வாங்காதே என்று தெருவெல்லாம் முழங்கினார்கள். செயலிகள் தடை செய்யப்பட்டன. மறு ஆண்டு 2021-ல் இரு நாட்டு வணிகம் 12,500 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை இல்லாத உச்சம் அது. பெரும்பங்கு நாம் வாங்கியது. முழங்கியவர் கையில் இருந்த போன் எங்கே செய்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

குர்ஆனில் முதஃப்ஃபிஃபீன் என்று ஒரு சூரா இருக்கிறது. பிறரிடமிருந்து வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களுக்குக் கேடு என்று தொடங்குகிறது (83:1-3). இது தானியக் கடைக்கு மட்டும் சொன்னதல்ல. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் எதை நம்பி ஓடுகின்றன? அமெரிக்காக்காரனும் ஐரோப்பாக்காரனும் அந்நியத் துணியை வாங்குவதை நம்பித்தான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது நம் பகுதியே கலங்கியது. அநியாயம் என்றோம். அதே வாயால், அந்நியன் பொருளை வாங்குவது துரோகம் என்கிறோம். அவன் நம் துணியை வாங்கினால் வணிகம், நாம் அவன் பொருளை வாங்கினால் துரோகம் என்பது எந்த அளவையில் சேர்த்தி?

ஹிஜ்ரி 9-ல் தபூக் பயணம். ரோமர்களை எதிர்கொள்ளப் புறப்பட்ட பயணம் அது. வழியில் பெருமானார் (ஸல்) ஒளூச் செய்தபோது, அணிந்திருந்த ஜுப்பாவின் கை இறுக்கமாக இருந்ததால், கையை உள்ளே இழுத்து அடிவழியாக வெளியே எடுத்துக் கழுவினார்கள். முகீரா (ரலி) அறிவிக்கிறார்கள். அது ஷாம் நாட்டு ஜுப்பா என்கிறது புகாரி. ரோம ஜுப்பா என்கிறது திர்மிதி. ஷாம் அன்று ரோமர் ஆட்சியில் இருந்தது. யாருக்கு எதிராகப் புறப்பட்டார்களோ, அவர்கள் நாட்டுத் துணி உடலில் இருந்தது! அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

அப்படியென்றால் புறக்கணிப்பே கூடாதா? அப்படியும் இல்லை. யமாமாவின் தலைவர் ஸுமாமா (ரலி) இஸ்லாத்தை ஏற்றதும், நபியின் அனுமதியின்றி ஒரு மணி கோதுமைகூட மக்காவுக்குப் போகாது என்று நிறுத்தினார்கள். மக்காவாசிகள் பட்டினியில் தவித்துக் கடிதம் எழுதியபோது, கோதுமையை விடச் சொன்னார்கள் நபியவர்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. புறக்கணித்தவருக்கும் அதில் நஷ்டம் இருந்தது. ஏழையின் வயிறு காய்ந்ததும் கதவு திறந்தது.

பலஸ்தீனத்துக்காக நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியல்களை எடுங்கள். உண்மையாகவே விட்டவர்களுக்கு அல்லாஹ் கூலி தருவான். ஆனால் அந்த நிறுவனம் நிஜமாகவே அதில் சம்பந்தப்பட்டதா என்று விசாரிக்காமல் அனுப்புகிறோம். கேள்விப்பட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்று எச்சரித்திருக்கிறார்கள் நபியவர்கள். அனுப்பிவிட்டு மாலையில் அதே குளிர்பானத்தை விருந்தில் வைக்கிறோம். அரசியல்வாதியை முனாஃபிக் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், உள்ளம் அல்லாஹ்வுக்குத் தெரியும். செயலில் வரும் நிஃபாக்கோ நம் வீட்டுக்கும் வரும்.

இன்னொன்று, நம் ஊர் விஷயம். பெட்ஷீட் உள்ளிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது 1985-ஆம் ஆண்டுச் சட்டம். விசைத்தறியில் ஓட்டியதைச் சென்னிமலைக் கைத்தறி என்று சொல்லி விற்றால், உள்ளூர் நெசவாளியின் கூலியை அந்நியன் எடுக்கவில்லை, நாம்தான் எடுக்கிறோம். மதீனா கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபியவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்த்து வாங்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள் நபியவர்கள்.