விண்ணப்பமும் உள்ளமும்

பொதுக் கொள்கையைக் கற்பிக்கவென்றே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2004ஆம் ஆண்டு லீ குவான் யூ பள்ளி தோன்றியது. இத்தகைய பள்ளிகளில் பட்டமேற்படிப்புக்கு மனுச் செய்வோர் சான்றிதழ்களோடு, 'இப்படிப்பை ஏன் நாடுகிறீர்?' என்பதற்கும் விடை எழுதவேண்டும். 'மக்கள் தொண்டுக்கே' என்று எழுதுவோர் பலர். பதவியும் ஊதியமும் மனத்திலிருக்க அவ்வாறு எழுதுதல் பொய்யாகாதா?

ஊதியத்தை விரும்புவது குற்றமன்று. மருத்துவரும் ஆசிரியரும் ஊதியம் பெற்றே உழைக்கின்றனர். யாருடைய இடரைத் துடைக்கப் போகிறோமென்று அறியாமலே தொண்டு என்பதுதான் பொய். பேருந்துக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் முதியோர் சிகிச்சையையும் பற்றி முடிவு செய்யும் அறையில் நாளை அமர விரும்புவோர், அவற்றால் வருந்துவோரின் வாசற்படியை இன்றே மிதித்திருக்க வேண்டாமா?

ஆகவே, மனு எழுதுமுன் ஒவ்வொருவரும் தம்மையே கேட்கட்டும்: "இடம் கிடைக்காவிடினும் இப்பணியைத் தொடர்வேனா?" ஆம் என்பாருக்கு அந்த ஈராண்டுப் படிப்பு வலிமை தரும், அவர் எழுதும் தொண்டு மெய்யே. இல்லை என்பார் மனுவைச் சற்றே ஒதுக்கி வைத்து, அண்டை வீட்டு முதியவருக்கு வந்த அரசாங்கக் கடிதத்தை விளங்கப் படித்துச் சொல்லட்டும். கட்டுரைக்கு வேண்டிய முதல் வரி அங்கே கிடைக்கும்.