பிராயச்சித்தம் செய்தவருக்கு ஓலை உண்டா?

உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருபவை ஒரு பானை, ஒரு கட்டு ஓலை, கையை உள்ளே விடும் ஒரு சிறுவன். பள்ளிப் பாடநூல் முதல் அரசியல் மேடை வரை அந்தக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட அந்த இரண்டு கல்வெட்டுகளும் (919, 921), ஊரை நிர்வகிக்கும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுத்த அந்தக் குலுக்கலோடு நிற்கவில்லை. யார் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்பதற்கும் அவற்றில் நீண்ட இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு விதி, ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் வாசிப்பவரை நிறுத்தி வைக்கிறது.

பாவம் செய்து, அதற்குரிய பிராயச்சித்தம் செய்து சுத்தமானவர். ஊருக்கே கேடாக இருந்து, அதாவது ‘கிராம கண்டகர்’ ஆக இருந்து, பிராயச்சித்தம் செய்து சுத்தமானவர். முறையற்ற உறவு கொண்டு, பிறகு பிராயச்சித்தம் செய்து சுத்தமானவர். இவர்கள் யாருடைய பெயரையும் உயிருள்ளவரை எந்த வாரியத்துக்கும் எழுதக் கூடாது என்கிறது கல்வெட்டு. அவர்கள் இன்னும் அசுத்தமானவர்கள் என்று அது சொல்லவில்லை. சுத்தமாகிவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டேதான் தடை விதிக்கிறது.

இதை எழுதி வைத்தவர்கள் வேதம் படித்த பிராமண சபையார். பிராயச்சித்தத்தால் பாவம் கழியும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. தகாதவர்களோடு சேர்ந்ததால் சாதி விலக்கம் ஆனவருக்கு அவர்களே வேறு விதி வைத்தார்கள்: பிராயச்சித்தம் செய்யும்வரைதான் அவருக்குத் தடை, செய்து முடித்தால் பெயர் எழுதலாம். ஆக, சடங்கின் வலிமை எதுவரை செல்லும் என்று சபை யோசித்துத்தான் கோடு போட்டிருக்கிறது. ஒருவர் மீண்டும் பந்தியில் உட்காரச் சடங்கு போதும். ஏரியின் மதகையும் ஊரின் பொன்னையும் அவர் கையில் ஒப்படைக்க அது போதாது. மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்த்ததுதான் அந்தச் சபையின் உண்மையான சாதனை. குலுக்கலைவிட இதையே முதலில் கொண்டாட வேண்டும்.

மன்னிப்பு என்பது தவறு செய்தவரின் நலனுக்காக. பதவி அப்படி அல்ல. அது ஊரின் நலனுக்காக. மன்னிக்கப்பட்டவர் பதவியைத் தன் உரிமையாகக் கேட்க முடியாது என்பதில் கொடுமை எதுவும் இல்லை. அவரை ஊரைவிட்டுத் துரத்து என்று அந்த விதி சொல்லவில்லை, நிலத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. பெயரை எழுதாதே என்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதே கல்வெட்டில் மனம் ஒப்பாத இடங்களும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினர்களுக்கும் ஓலை கிடையாது. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், சகோதரன், மாமனார், மைத்துனன், மருமகன், தந்தை, மகன் என்று பட்டியல் நீள்கிறது. கணக்கு விஷயத்தில் இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிந்த ஊரில் அண்ணன் விட்ட ஓட்டையைத் தம்பி வந்து அடைத்து மறைப்பது எளிது. மகாபாதகம் செய்தவரின் உறவினர்களுக்கும் அதே தடையை நீட்டியதற்கு அந்த நியாயம் பொருந்தாது. ஒருவர் வினையை அவர் அத்தை மகன் எதற்காகச் சுமக்க வேண்டும்? கர்மம் செய்தவரையே சேரும் என்று போதித்த மரபுக்குள்ளேயே இது முரண்.

கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு ஆகிய நிபந்தனைகள் வேறு. நிலம் குறைந்தவருக்குப் படிப்பு கூடுதலாக இருந்தால் சலுகை உண்டு. உழுதவர்களும் பெண்களும் இந்தக் கணக்கிலேயே இல்லை. இதை ‘மக்களாட்சி’ என்று அழைத்துப் பூரிப்பவர்கள் இந்த வரிகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

குலுக்கல் நடந்த விதத்தில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அது யாருடைய தேர்வு? சபையில் சிறியவர் பெரியவர் எல்லோரும் கூட வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் பூசாரிகளான நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் ஒருவர் எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கி நிற்பார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்குவான். வாங்கி உரக்க வாசிப்பான். பிறகு நம்பிமார் அனைவரும் அதை வாசிக்க வேண்டும். விரல் இடுக்கில் வேறொரு ஓலையை மறைத்து வைக்கும் சாமர்த்தியத்தை யாரோ ஒருவர் முன்பே காட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரலைப் பற்றிக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார்கள்.

எகிப்தின் காப்டிக் திருச்சபையும் சிறுவனின் கையை நம்புகிறது. 2012 நவம்பர் 4 அன்று கெய்ரோ மாற்கு பேராலயத்தில், கண் கட்டப்பட்ட சிறுவன் ஒருவன் மூன்று பெயர்களில் ஒன்றை எடுத்தான். அப்படித்தான் இரண்டாம் தவத்ரோஸ் போப் ஆனார். அங்கே அந்தக் கை இறைவனின் தேர்வு. பதவியும் ஆயுள் முழுவதற்கும். உத்திரமேரூரில் பூசாரிகள் கூடவே இருந்தும், அவர்களுக்குக் கொடுத்த வேலை சாட்சி சொல்வது. குடத்திலிருந்து வந்த பெயரைப் பெருமாளின் சித்தம் என்று சபை கல்லில் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் அடுத்த விதியை எழுதியிருக்க முடியாது: வாரியத்தில் இருப்பவரிடம் குற்றம் கண்டால் உடனே அவரை நீக்க வேண்டும். தெய்வம் தேர்ந்தவரை ஊர் எப்படி நீக்கும்? குலுக்கலில் வந்தாலும் அவர் மனிதர்தான், 360 நாளுக்குத்தான், தவறினால் அதற்கு முன்பே இறங்க வேண்டும். பதவி முடிந்த பிறகும் மூன்று ஆண்டுகள் அவர் பெயர் குடத்துக்குள் போகாது.

சபை தன் விதிகளையும் தெய்வவாக்காக நினைக்கவில்லை. 919இல் முப்பது முதல் அறுபது வயதுவரை என்றிருந்ததை, இரண்டே ஆண்டுகளில் முப்பத்தைந்து முதல் எழுபதுவரை என்று மாற்றி எழுதியது.

இன்றைய சட்டங்கள் சில இடங்களில் அந்தச் சபையைவிட மென்மையானவை. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலைக்குப் பிறகு ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்காதவருக்கு மூன்று ஆண்டுத் தடை வரலாம். மகனும் மைத்துனனும் தப்பித்துவிடுகிறார்கள், அது சரியே. பதவியில் இருப்பவர் தண்டனை பெற்றாலும் மேல்முறையீடு செய்துவிட்டு ஒட்டிக்கொண்டிருக்க வழிவிட்ட பிரிவை, 2013இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ‘உடனே நீக்கு’ என்ற விதிக்கு நாடு வந்து சேர இவ்வளவு காலம் ஆயிற்று.

கோயில் அறங்காவலர்கள் விஷயத்துக்கு வந்தால், தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம், கணக்கைத் தொடர்ந்து ஒப்படைக்காதவரைப் பதவி நீக்கம் செய்ய இடம் தருகிறது. அதற்கு முன் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். உத்திரமேரூர் சபை குடத்தைத் தூக்குவதையும் விரலை விரிப்பதையும் அவ்வளவு நுணுக்கமாக வெட்டி வைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் சபை நடுவே எழுந்து தன் தரப்பைச் சொல்ல ஒரு வரி இடம்கூட அந்த ‘உடனே நீக்கு’ விதியில் இல்லை.