கட்டிய கை

பக்கவாதம் கண்டவருக்கு ஊட்டிவிடுவதை அன்பு என்கிறோம். அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் டௌப் வகுத்த பயிற்சியோ, நல்ல கைக்கு உறையிட்டு முடக்கி, நலிந்த கையையே உழைக்கச் செய்கிறது. விரல்களில் சிறிதாவது அசைவு மிஞ்சியவர்களுக்கே இது பொருந்தும். 222 நோயாளிகளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. இரண்டு வாரம் பயின்றவர்களின் கை ஓராண்டுக்குப் பின்னும் தேறியே இருந்தது.

கரண்டி நழுவுகிறது, சோறு சிந்துகிறது, பார்த்திருக்கும் மனைவி பதறுகிறாள். எடுத்து ஊட்டினால் அவள் மனம் ஆறும். அவர் கை தேறுமா? நம் வேதனை தணிவதற்காகப் பிறர் முயற்சியைப் பறித்துவிட்டு, அதற்குக் கருணை என்று பெயர் சூட்டுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. விழாமல் தாங்க அருகிலேயே இருக்க வேண்டியதுதான். ஆனால் அவருக்குக் கட்டுவது ஒரு கையை. அந்த நேரத்தில் நாம் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.