தெரியவில்லை என்று எழுதிவைத்த இரவுகள்

அம்பு விண்மீன் கூட்டத்தில் டபிள்யூ இசட் சஜிட்டே என்றொரு குறுநோவா இருக்கிறது. ஒரு வெண்குறுமீனும், அதனிடம் தன் வாயுவைப் பறிகொடுக்கும் துணைமீனும் 82 நிமிடத்துக்குள் ஒன்றையொன்று சுற்றிவிடுகின்றன. பறிபோன வாயு வெண்குறுமீனைச் சுற்றி வட்டாகச் சேர்கிறது. ஒரு கட்டத்தில் சூடேறி, ஹைட்ரஜன் அயனியாகி, உள்நோக்கிச் சரிகிறது. 15ஆம் பொலிவெண்ணில் மங்கிக் கிடந்த மீன் அப்போது 8ஐ ஒட்டி எகிறிவிடும் (எண் குறையக் குறைய ஒளி கூடும்). 1913, 1946, 1978, 2001 என இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை பதிவான எழுச்சிகள் நான்கே நான்கு. மற்ற இரவுகளில் அதைத் தேடியவர்கள் பெரும்பாலும் ‘தெரியவில்லை’ என்றுதான் குறித்தார்கள். காணாததைக் குறித்துவைப்பது அறிவில் சேருமா?

சேரும், ஆனால் சும்மா சேர்ந்துவிடாது. சிறு தொலைநோக்கி வைத்திருப்பவர் முதலில் வரைபடத்தோடு வானத்தைப் பொருத்தி, பொலிவெண் குறிக்கப்பட்ட ஒப்பு மீன்களை ஒவ்வொன்றாகத் தேடுகிறார். 13.8 தெரிகிறது, அதைவிட மங்கலானது தெரியவில்லை, தேடிவந்த மீனும் தெரியவில்லை. அவர் ‘இல்லை’ என்று எழுதுவதில்லை, ‘<13.8’ என்று, அதாவது 13.8ஐவிட மங்கல் என்று எழுதுகிறார். இந்திய மெய்யியலிலும் இந்தக் கேள்வி எழுந்தது. இன்மையை அறிவதற்குத் தனி அளவையே (அறியும் வழியே) உண்டு என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். அதே மரபின் பிரபாகரர் அதை ஏற்கவில்லை. நியாய மரபின் தர்க்கவாதிகளான நியாயிகர்கள் அதைக் காட்சிக்குள்ளேயே அடக்கினார்கள். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையிலும் அபாவம், அதாவது இன்மை, அளவைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அளவைகள் எத்தனை என்ற சண்டையை விட, இன்மையை அறியலாம் என்றவர்கள் வைத்த நிபந்தனைதான் இங்கே முக்கியம்: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தென்படாததால் அங்கே குடமில்லை என்றாகாது. விளக்கின் வெளிச்சம் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் அந்த ‘<13.8’.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 33 ஆண்டு, பிறகு 32 ஆண்டு என்ற இடைவெளியைப் பார்த்து அடுத்தது 2010ஐ ஒட்டி வரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. வந்ததோ 2001 ஜூலையில். அப்படியானால் வெற்று இரவுகளின் பதிவு ஏமாற்றிவிட்டதுதானே? இல்லை. ஒவ்வொரு பதிவும் தன் இரவுக்கு மட்டுமே சாட்சி சொன்னது. மூன்று தேதிகளை வைத்துத் தாளம் கட்டியது அதைப் படித்தவர்கள். இன்னும் சொன்னால், 2001 ‘முன்கூட்டியே’ வந்தது என்று சொல்வதற்கே அந்தப் பதிவுகள்தான் ஆதாரம். அவை இல்லாவிட்டால் நடுவில் ஒன்று யாரும் பாராமல் வந்துபோயிருக்கலாம் என்ற ஐயம் அப்படியே நிற்கும். அந்த ஆண்டு முதல் எழுச்சி தணிந்தபின் மீன் பன்னிரண்டு முறை மீண்டும் சிறிது நேரம் பொலிந்தது. நடுநடுவே மங்கியதையும் விடாமல் குறித்ததால்தான் பன்னிரண்டு என்று எண்ண முடிந்தது.

இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும் என்ற அதே நிபந்தனையை நியாயிகரான உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் கடவுள் விஷயத்துக்குக் கொண்டுவருகிறார். இறைவன் காணப்படவில்லை, ஆகவே இல்லை என்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில்: காணத்தக்க பொருளுக்குத்தான் அந்த வாதம் செல்லும். தர்க்கத்தில் இதில் ஓட்டை இல்லை; கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து மறுப்பவர் ‘<’ போடாமல் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார். உதயணரும் காட்சியை நம்பி நிற்கவில்லை. உலகம் என்ற காரியத்திலிருந்து கர்த்தாவை அனுமானிக்கிறார். அந்த அனுமானம் நிற்குமா என்பது வேறு வழக்கு. ஆனால் அவர் தந்த கேடயத்தை அற்புதங்களை நம்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை. வேண்டுதலால் மழை பெய்தது என்றால் அது கண்ணுக்குத் தெரிந்த நிகழ்ச்சி, காணத்தக்கது. பெய்தபோது அருள், பெய்யாதபோது அவன் சித்தம் நமக்கு எட்டாது என்று ஒரே பொருளை ஒருநாள் காணத்தக்கதாகவும் மறுநாள் காணத்தகாததாகவும் வைத்துக்கொள்ள நியாயிகரே விடமாட்டார். அருளைக் கண்டதாகத் தேதி சொல்பவர், வேண்டியும் பெய்யாத நாள்களின் தேதியையும் அதே ஏட்டில் காட்டவேண்டும்.