கையெழுத்து போட்டவன் சும்மா இருந்தவனா?

பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் தொழிற்பயிற்சி செய்கிறேன். போன மாதம் ஒருநாள் ஓவனின் வெப்ப ரீடிங்கை இரண்டு முறை எடுக்க மறந்துவிட்டேன். "முந்தின ரீடிங்கையே எழுதி கையெழுத்து போடு தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார் மூத்தவர் ஒருவர். போட்டேன். உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மனசு உறுத்தியது.

அந்த நேரத்தில்தான் டான்ஸ்ரீ ஸாரினா அன்வாரைப் பற்றிப் படித்தேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். ஷெல் நிறுவனத்தில் இருந்துவிட்டு 2001இல் மலேசியப் பங்கு ஆணையத்துக்கு வந்தார். 2006 முதல் 2012 வரை அதன் தலைவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

அவர் காலத்தில் வெடித்ததுதான் டிரான்ஸ்மைல் விவகாரம். விமானச் சரக்கு நிறுவனம் அது. வருமானத்தைப் பல நூறு மில்லியன் ரிங்கிட் கூட்டிக் காட்டியது 2007இல் வெளியே வந்தது. ஆணையம் நிர்வாகிகளோடு நிற்கவில்லை. கணக்குக் குழுவில் இருந்த இரண்டு சுயேச்சை இயக்குநர்கள் மேலும் வழக்குப் போட்டது. பொய்க்கணக்கை எழுதினார்கள் என்பதல்ல குற்றச்சாட்டு. தவறான அறிக்கை வெளியாவதைத் தெரிந்தே அனுமதித்தார்கள் என்பது. 2011இல் செஷன்ஸ் நீதிமன்றம் ஓராண்டுச் சிறையும் 3 லட்சம் ரிங்கிட் அபராதமும் விதித்தது. இதற்கிடையே 2010இல், கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கையாளர்களையே கண்காணிக்க ஒரு வாரியமும் ஆணையத்தின் கீழ் வந்துவிட்டது.

முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. எழுதியவன் ஒருத்தன், மாட்டியது இன்னொருத்தனா? ஆனால் பங்கு வாங்கும் சாதாரண ஆள், ரிட்டயர் ஆன ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் பணம் போடுகிறார். அந்த நம்பிக்கைக்காகவே அவர்களுக்கு அங்கே நாற்காலி. திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது பீஷ்மர் கை நீட்டவில்லைதான். அதற்காக அவரை யாரும் விட்டுவிடவில்லையே! வாய் திறந்தவன் விகர்ணன், வயசில் சின்னவன்.

சட்டம் "தெரிந்தே" என்ற சொல்லை நிரூபிக்கச் சொல்கிறது. வக்கீலுக்கு அது பெரிய வேலை. எனக்கு அந்தச் சிரமம் இல்லை, எனக்குத் தெரியும்.

போன வாரம் மறுபடி ஒரு ரீடிங் தவறியது. கட்டத்தைக் காலியாக விட்டு, 'எடுக்கவில்லை' என்று எழுதினேன். மூத்தவர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பழைய தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது. அதையும் சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சொன்னா மார்க் குறைப்பாங்களா?" என்றார்.