பூச்சியம் எங்கே?

ஏப்ரல் முற்பகுதியில் ஒருநாள் நண்பகலில் கொழும்பு மக்களின் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. நாம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் வாழ்கிறோம் என்பதற்கு அந்நிழலே சாட்சி. பூமத்திய கோட்டை மனிதன் நாட்டவில்லை. பூமியின் சுழற்சியே வகுத்துத் தந்தது.

நெடுங்கோட்டின் கதை வேறு. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கிழக்கே 80ஆம் பாகையை ஒட்டியுள்ளன என்கிறது தேசப்படம். எங்கிருந்து 80? கிரீனிச்சிலிருந்து. அங்கே பூச்சியத்தை நாட்டியது 1884இல் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளின் மாநாடு. பெரும்பாலான கப்பல்கள் ஏற்கெனவே கிரீனிச்சைக் கொண்டே கணக்கிட்டன என்ற வாதம் வென்றது. எந்த வல்லரசுக்கும் உரியதல்லாத நடுநிலைக் கோடு வேண்டுமென்ற பிரான்ஸ் தோற்றது. (பாரிஸ் கோடு பறிபோகிறதே என்ற கவலையும் அதில் கலந்திருந்தது!) குடியேற்ற நாடாயிருந்த இலங்கையை எவரும் கேட்கவில்லை.

விந்தை யாதெனில், பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே சூரிய சித்தாந்தம் முதலிய வானநூல்கள் பூச்சியத்தை 'இலங்கை'யில் வைத்திருந்தன. உஜ்ஜயினியின் நெடுங்கோடு பூமத்திய கோட்டைச் சந்திக்கும் அவ்விடத்தில் இருப்பது வெறுங்கடல். அதைக் குறித்தவர்களும் இத்தீவினரைக் கேட்டுக் குறிக்கவில்லை. நாம் பெருமைகொள்ள அதில் ஏதுமில்லை.

கப்பல் கரைசேரப் பொதுக்கோடு ஒன்று வேண்டும், மறுப்பாரில்லை. ஆயின், மனிதர் சிலர் கூடி முடிவுசெய்ததை இயற்கையின் கட்டளையென மற்றவர் தலைமேற் கொள்வது எங்ஙனம் தகும்?

1996இல் மின்சாரத்தைச் சேமிக்கவென்று அரசு கடிகாரத்தை முன்தள்ளியது. புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகள் அதை ஏற்கவில்லை. கொழும்பில் ஒரு நேரம், வன்னியில் வேறொரு நேரம். சூரியனோ சில நிமிட வேறுபாட்டில் இரு இடங்களிலும் உச்சிக்கு வந்துகொண்டிருந்தான். 2006இல் அரசே பழைய நேரத்துக்குத் திரும்பிற்று.